பதினாலாம் நம்பர் குளோஸ்

மைசூர்பாகை வாயில் போட்ட பிறகுதான் மங்கையர்க்கரசி அந்தக் கேள்வியைக் கேட்டாள். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு போட்டிருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்து முன்னால் நிற்கும்போது யாருக்குக் கேள்வி தோன்றுகிறது? நாத்தனார் மகள் கல்யாணத்துக்கென்று திண்டுக்கல் போய்விட்டு இன்றுதான் ஆபீசுக்குத் திரும்பியிருந்தாள். உள்ளங்கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. மத்தியானம் ரிவ்யூ மீட்டிங் என்றார்கள், வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், சுவரில் பெரிய திரை, திரையில் வழக்கமான கட்டங்கள், கட்டங்களில் வழக்கமான நிறங்கள், அதில் சிவப்பை மட்டும் காணவில்லை. பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது. இரண்டு வருஷமாக மூலையில் உட்கார்ந்து எல்லோர் கண்ணையும் உறுத்திக்கொண்டிருந்த அந்த ஒற்றைச் சிவப்பு, ‘மேடத்தோட செவப்புப் பொட்டு’ என்று யூனிஃபார்ம்காரர்களும் சிவிலியன்களும் பேதமில்லாமல் கேலி செய்த அந்தப் பதினாலாம் நம்பர், எதிரே ‘குளோஸ்’ என்று போட்டுக்கொண்டு சமர்த்தாக வெளியே போயிருந்தது. சிவப்பு பூஜ்யமானால் கேன்டீனிலிருந்து ஸ்வீட் வரும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். தட்டு வந்தது. அவள் எடுத்தாள். நெய் வழிகிற துண்டு. அப்பாடா, கடைசியில் கம்பெனிக்காரன் வழிக்கு வந்துவிட்டான், சென்சாரைப் பொருத்திவிட்டான் என்று நினைத்தபடி வாயில் போட்டாள். போட்டுவிட்டுத்தான் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“சென்சார் வெச்சுட்டாங்களா ஸ்டீபன்?”

“சென்சாரா? இல்லையே மேடம்” என்றார் அவள் செக்‌ஷனிலேயே வேலை பார்க்கும் ஸ்டீபன் அருள்தாஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக. “பதினாலு நடந்துடுச்சு மேடம். போன வாரம். அதான் குளோஸ் பண்ணேன்.”

நடந்துடுச்சு. மங்கை தலையாட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை, பதினைந்து வருஷ மீட்டிங் பழக்கம், யார் என்ன சொன்னாலும் தலை தானாக ஆடும். நடந்துடுச்சு என்றால் என்ன நடந்தது, பதினாலு என்றால் எது பதினாலு, வேறு ஏதாவது பதினாலு இருக்கிறதா, நம்பர் மாற்றிவிட்டார்களா. நம்பரை யாரும் மாற்றுவதில்லை. இந்தத் திட்டம் பனிமலை உச்சியில் காவல் நிற்கிற ஜவான்களின் டென்ட்டுக்குப் புது ஹீட்டர் வாங்குகிற திட்டம். அதில் என்னென்ன கோளாறு வரலாம் என்று முன்கூட்டியே பயப்பட்டு வைப்பது மங்கையின் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிற உத்தியோகம் உலகத்திலேயே உனக்குத்தான் என்பார் வீட்டுக்காரர் சிதம்பரநாதன். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு நம்பர், ஒரு நிறம். பதினாலு என்பது, இழுத்து மூடிய டென்ட்டுக்குள் ஹீட்டர் எரிந்து, கார்பன் மோனாக்சைடு தேங்கி, உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போவது. அதை மோப்பம் பிடித்து அலாரம் அடிக்கத்தான் சென்சார். அது நடந்துடுச்சு. அதனால் குளோஸ். வாய்க்குள் சர்க்கரை கரைந்துகொண்டே இருந்தது, அவள் நிறுத்தச் சொன்னால் நிற்கவா போகிறது. துப்பலாம் என்றால் கையில் டிஷ்யூ இல்லை, இருபது பேர் இருக்கிறார்கள், எதிரே கர்னல். விழுங்கலாம் என்றால் மனசு வரவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பாக்குப் போட்ட கிழவி மாதிரி, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டீபன் தப்பு செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பகீரென்றது. அவர் வேண்டுமென்று எதையும் மறைக்கிற ஆளில்லை, வீட்டில் மீன்குழம்பு வைத்தால் அவளுக்கென்று தனி டப்பாவில் கொண்டுவருகிற மனிதர், அவர் ரூல்படிதான் செய்தார். வரப்போகிறதோ என்று பயப்படுகிற வரைக்கும்தான் அது ரிஸ்க். வந்துவிட்டால் அது ரிஸ்க் இல்லை, நிகழ்வு. நிகழ்வுக்கு வேறு செக்‌ஷன், வேறு ஆபீசர், வேறு மீட்டிங். இங்கிருந்து எடுத்துவிட வேண்டியது. இந்த ரூலைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுப்பதே மங்கைதான். அடுப்பில் பால் வைத்திருக்கீங்க, பொங்கிடுமோன்னு பார்த்துட்டே நிக்கறீங்க, அது ரிஸ்க். பொங்கி வழிஞ்சாச்சு, அப்புறம் என்ன ரிஸ்க், துணியை எடுத்து மேடையைத் துடைக்கற வேலைதான். இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், பெண்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள், அவளும் அந்தச் சிரிப்புக்காக ஒரு நொடி நிறுத்துவாள். பால். துணி. துடைக்கிற வேலை. யார் துடைத்தார்கள் இப்போது? யார் அந்த டென்ட்டின் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தது? திறந்தவுடன் தெரிந்திருக்காது. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, இருமல் கூட வராது. தூங்குகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பான். எழுப்பியிருப்பான். முகம் நல்லாத்தான் இருக்கும், ரோஸ் நிறத்தில், குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவன் முகம் மாதிரியே இருக்கும் என்று அவள் எங்கோ படித்து, படித்ததை மறக்க முடியாமல், அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளியலறையிலிருந்த கேஸ் கீசரைக் கழற்றச் சொன்னாள். சிதம்பரநாதன், ஊரெல்லாம் வெச்சிருக்கான், நமக்கு மட்டும் என்ன என்றார். கழற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். தன் வீட்டில் ஒரே சாயங்காலத்தில் முடிந்த காரியம்.

எத்தனை பேர்? இது இவ்வளவு நேரம் தோன்றவே இல்லையே. ரூல், பால், கீசர் என்று மனசு எங்கெங்கோ சுற்றிவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறது. மறுபடி சாய்ந்தாள், கன்னத்து உருண்டையோடு, குழறிக்கொண்டு, “எத்தனை பேரு?” என்றாள். “மெயில்ல இல்ல மேடம், ஒரே வரிதான். நிகழ்ந்துவிட்டதுன்னு. எண்ணிக்கை போடல” என்றார் ஸ்டீபன். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார், முதல்முறையாக. பார்த்தவர் முகத்தில் ஏதோ ஒன்று கழன்றது. அவரும் இப்போதுதான் யோசிக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. மெயில் வந்தது, ரூல் தெரியும், கையிலே மவுஸ் இருந்தது, செய்துவிட்டார். நம்பர் மாறியது, கேன்டீனுக்குப் போன் போனது, தட்டு வந்தது. நடுவில் எங்கேயும் ஒரு மனுஷன் நின்று ஐயோ என்று சொல்லவில்லை. நின்று சொல்ல அதில் இடமும் இல்லை. குளோஸ். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் பேசிக்கொள்வார்கள், நேத்து வரைக்கும் நல்லா இருந்தாம்பா, இன்னைக்கு ஆளு குளோஸ், என்று கையை ஒரு விசிறு விசிறி. அந்தக் குளோஸும் இந்தக் குளோஸும் ஒன்றுதான் போலிருக்கிறது. இத்தனை வருஷம் ஆயிரம் தடவை இந்த வார்த்தையை எழுதியிருக்கிறாள், ஒரு தடவை கூட ஆட்டோக்காரர்கள் ஞாபகம் வந்ததில்லை.

திரையில் பேச்சு வேறெங்கோ போயிருந்தது. லாரிகள் அடிவார டிப்போவில் லோடு ஏற்றித் தயாராக நிற்கின்றன, கணவாய்ப் பாதையைப் பனி மூடுவதற்குள் டிரையலுக்கென்று முன்னமே மேலே போனவை போக மிச்ச ஹீட்டர்கள் முழுக்கப் போய்விட வேண்டும், இன்றைக்கு இந்த மீட்டிங் சரி என்றால் நாளை விடியும்போது வண்டி கிளம்பும். யாரோ கிளம்பட்டும் என்றார்கள். யாரோ வானிலை சொன்னார்கள். அவளுக்குச் சொற்கள் தனித்தனியாகக் கேட்டன, சேரவில்லை. அப்போதுதான் அது வந்தது. எங்கிருந்து வந்ததோ, அடி வயிற்றிலிருந்து ஒரு சின்னச் சூடு, சுகமான சூடு மாதிரி. சொன்னேனே. நான் சொன்னேனே. சென்சார் இல்லாமல் வேண்டாம் என்று சொன்னேன், அதற்கு இன்னும் ஒரு குளிர்காலம் தாமதமாகும் என்றார்கள், பதிலுக்கு ஹீட்டர் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், காற்றுத் துவாரத்தைத் திறந்து வைக்கவும் என்று இரண்டு பாஷையில், ஸ்டிக்கர் ஒட்டியாச்சு மஞ்சளாக்குங்கள் என்றார்கள், மாட்டேன் என்றேன், நடக்கிற வாய்ப்புக்கு ஐந்துக்கு ஒரு மார்க்தான் என்றான் கம்பெனிக்காரன், மூன்று என்றேன், ஒன்றா மூன்றா என்று வருஷக் கணக்கில் இழுத்தோம், பனி கொட்டினால் துவாரம் தானே அடையாதா என்று கேட்டேன், சிரித்தார்கள். இதோ. பார்த்தீங்களா. அந்தச் சூடு நெஞ்சு வரைக்கும் ஏறுவதற்குள் அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். செத்துக் கிடக்கிறான், நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒருத்தி நிமிர்ந்து உட்காருகிறாள். சீ. அதிர்ச்சிக்குள் இன்னொரு அதிர்ச்சி, வெளியே இருப்பதை விட உள்ளே இருப்பது மோசம். அந்தப் பதற்றத்தில்தான் மைசூர்பாகு உள்ளே இறங்கிவிட்டது. விழுங்கியது கூட அவளுக்குத் தெரியவில்லை. நாக்கில் இனிப்பு மட்டும் நின்றது.

போன வாரம் என்றால் எந்த நாள்? கல்யாணத்தன்றா? மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை என்று மேனேஜரைக் கூப்பிட்டு ரகளை செய்தாளே, மனுஷங்க இருக்கறதா வேண்டாமா, வெந்து சாகறோம் என்று வாய் கூசாமல் சொன்னாளே, அதே நேரமா? அல்லது முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், ஜமுக்காளத்தில் பத்துப் பெண்கள் கால் நீட்டிப் படுத்துப் பேசிச் சிரித்தபடியே ஒவ்வொருத்தியாகத் தூங்கிப்போன நேரமா? தூக்கம் வருகிற மாதிரிதான் வருமாம். முதலில் லேசான தலைவலி, பிறகு சோம்பல், எழுந்து துவாரத்தைப் பார்க்கலாம் என்று தோன்றும், கை கேட்காது, அப்புறம் பார்த்துக்கலாம் என்று தோன்றும். அப்புறம் என்பது இல்லை. அவளுக்கு இப்போது நெற்றிப் பொட்டில் விண்ணென்றது. இந்த அறையின் ஜன்னல்களைத் திறக்க முடியாது, கண்ணாடியை அப்படியே பதித்து அடைத்திருக்கிறார்கள், கதவும் சாத்தியிருக்கிறது, இருபது பேர் ஒரே காற்றை மாற்றி மாற்றி மூச்சு விடுகிறோம். பைத்தியக்காரத்தனம், ஏ.சி. ஓடுகிறது, ஒன்றும் ஆகாது. ஆனாலும் எண்ணிப் பார்க்காமல் ஒரு பெருமூச்சு விட்டாள், அது சத்தமாக வந்துவிட்டது, கர்னல் மருதவாணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முன்னால் டிஷ்யூ மேல் மைசூர்பாகு அப்படியே இருந்தது. தொடவில்லை. அவருக்குத் தெரியும். அவருக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் தட்டைத் தடுக்கவில்லையே என்று ஒரு கோபம் வந்தது. தடுத்திருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் லாரி என்ன ஆவது என்று யாராவது கேட்பார்கள். அதனால் அவர் தன் பங்கைச் சாப்பிடாமல் இருந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது போலும்.

சரி, சொல்கிறாய், என்ன ஆகும்? மீட்டிங் முடிகிற நேரத்தில் அவர் கேட்பார், ரிஸ்க் சைடுல ஏதாவது இருக்கா மேடம் என்று. நில் சார், அதாவது ஒன்றுமில்லை, என்று அவள் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள், சொன்னால் ஃபைல் மூடும், டீ வரும். சொல்லாவிட்டால் லாரி நிற்கும். நின்றால் பனி விழும், பாதை மூடும், மேலே இருக்கிறவர்களுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய மண்ணெண்ணெய் அடுப்புதான். அது புகைந்து நெஞ்சைக் கரிக்கும், அணைந்தால் விரல் கருத்துப்போகும். அதுவும் இங்கே ஒரு நம்பர்தான், ஒன்பது, மஞ்சள். பதினாலைத் தடுத்தால் ஒன்பது எழுந்து உட்காரும். குளிரில் சாவது ஒரு நம்பர், சூட்டில் சாவது ஒரு நம்பர், நடுவில் திண்டுக்கல்லில் ஃபேன் கேட்டவள் எதைத் தேர்ந்தெடுக்க? பனியைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறாள். அவள் சின்ன வயதில் உணர்ந்த அதிகபட்சக் குளிர் ஒரு மார்கழிக் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு நின்றது, அதற்கும் அம்மா சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்தி, புகைக்குள் முடியை விரித்து விட்டாள். மூச்சு முட்டுதும்மா என்று கத்தினால் கதவு திறக்கும். கத்துவதற்கு விழித்திருக்க வேண்டும். எதை நினைத்தாலும் அந்த டென்ட்டுக்குள்ளேயே போய் விழுகிறதே. நில் என்று சொல்லிவிடு, மங்கை. நீ விதிப்படி சொன்னதாகவே இருக்கும். இனி உன் தலைவலி இல்லை, நிகழ்வுக்கு வேறு ஆபீசர் இருக்கிறார். நா நுனியில் அந்தச் சொல் தயாராகவே இருந்தது, இனிப்போடு இனிப்பாக.

“ரிஸ்க் சைடுல ஏதாவது இருக்கா மேடம்?” என்றார் கர்னல். ஃபைலை மூடுவதற்குக் கையை அட்டை மேல் வைத்திருந்தார்.

“எத்தனை பேர் சார்?” என்றாள் மங்கை.

நாற்காலிகள் அசைவது நின்றது. இரண்டு மூன்று பேர் எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல் திரையைப் பார்த்தார்கள். ஒருவர் கை பாதித் துண்டோடு வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

“ரெண்டு பேர்” என்றார் கர்னல். குரலில் ஒன்றும் இல்லை. “அந்த டென்ட்ல மூணு பேர். ஒருத்தன் டியூட்டியில வெளிய நின்னுட்டிருந்தான். திரும்பி வந்து அவன்தான்…” நிறுத்திக்கொண்டார். “பனியில துவாரம் அடைச்சிருக்கு.”

“பதினாலைத் திரும்பத் திறக்கணும் சார்.”

“அது நடந்து முடிஞ்சது மேடம். உங்க ரூல்தான்.”

“அந்த ஒரு ஹீட்டர்ல நடந்து முடிஞ்சது சார். லாரியில இருக்கறதுல இன்னும் நடக்கல.”

ஸ்டீபன் யாரும் சொல்லாமலே மவுஸை நகர்த்தினார். திரையில் ஒரு புதுக் கட்டம் வெறுமையாக விழுந்தது. “வாய்ப்பு எவ்வளவு போட மேடம்?” என்றார், காதோடு. வருஷக் கணக்காக மூன்று, மூன்று என்று சண்டை போட்டவளுக்கு வாயில் மூன்று வரவில்லை. “அஞ்சு” என்றாள். கட்டம் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து அவளுக்கு எழுந்து போய்த் துடைத்துவிடலாமா என்று கூட இருந்தது.

கர்னல் ஃபைலிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி. லாரியை நிறுத்தச் சொல்றேன்” என்றார். “ஆனா மேல டிரையலுக்கு அனுப்பினது மிச்சம் இருக்கே, அது இப்ப எரிஞ்சிட்டிருக்கும். அதை என்ன பண்ண? அணைக்கச் சொல்லட்டுமா? அங்க இன்னைக்கு மைனஸ் இருபத்தஞ்சு மேடம். அணைச்சா அணைஞ்சதுதான், அந்த டென்ட்டுகளோட பழைய அடுப்பைக் கீழ எறக்கியாச்சு. சிவப்புப் போட்டுட்டீங்க. நீங்களே சொல்லுங்க.”

அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்கிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. அணை என்றால் குளிர், எரி என்றால் தூக்கம். ஒன்பதா பதினாலா, ஒன்பதா பதினாலா. ஒரு ஆளை முழித்திருக்கச் சொல்லலாம், துவாரத்தையே பார்த்துக்கொண்டு, ஆமாம், டென்ட்டுக்கு ஒரு ஆள், மாற்றி மாற்றி. ஆனால் அந்த ஆளும் அதே காற்றைத்தானே சுவாசிப்பான், அவனுக்கும்தானே தூக்கம் வரும். மருதாணிக் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். “அணைக்கச்…” என்று ஆரம்பித்து, முடிக்கத் தைரியமில்லாமல், “டிப்போவுல கேளுங்க சார், மேல எப்படி இருக்காங்கன்னு முதல்ல கேளுங்க” என்றாள்.

கர்னல் போனை எடுத்தார். டிப்போவில் யாரோ ஹிந்தியில் பேசினார்கள். லாரியை நிறுத்து என்றார், அது அவளுக்குப் புரிந்தது. பிறகு ஹீட்டர் என்று ஏதோ கேட்டார். எதிர்முனையில் நீளமாகப் பதில் வந்தது, மேலே கேட்டு, அவ்வளவு பனிக்காற்றைத் தாண்டி வாங்கிய பதில் இல்லை, அடிவாரத்தில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பதில். கேட்கக் கேட்க அவர் தோள் மெல்ல இறங்கியது. போனைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“நாம எதுவும் சொல்ல வேண்டாமாம் மேடம். அன்னைக்கே அணைச்சுட்டாங்களாம்” என்றார். “யாரும் ஆர்டர் போடல. அந்த மூணாவது ஆள் ஒவ்வொரு டென்ட்டா போய்ச் சொல்லியிருக்கான். எல்லாத்தையும் தூக்கிப் பனியில வெளிய வெச்சுட்டு, ரெண்டு டென்ட் ஆளுங்க ஒரே டென்ட்ல ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிப் படுத்துக்கறாங்களாம். இங்கேருந்து யாராவது கேப்பாங்கன்னு இவ்வளவு நாளா பார்த்துட்டிருந்தாங்களாம்.”

ஸ்டீபன் திரையை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். மங்கை எழுந்து மேசை மேலிருந்த ஸ்வீட் தட்டை எடுத்தாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.